முத்திரையில் இல்லாத பிள்ளை

மயூரதன் தபால் முத்திரை அல்பத்தைத் திறந்துவிட்டால் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. மின்விசிறியை நிற்பாட்ட வேண்டும். தேநீர்க் கோப்பை மேசைப் பக்கமே வரக் கூடாது. விரல் பட்டால் எண்ணெய் ஏறிவிடும் என்று முத்திரைகளை இடுக்கியால்தான் தூக்குவார். கல்யாணமான இருபது வருஷத்தில் தன்னை ஒருநாளாவது இவ்வளவு பக்குவமாகத் தொட்டதுண்டா என்று மனைவி றஞ்சனா வந்தவர்களுக்கு முன்னாலேயே கேட்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் இருந்த அவர்களுடைய வீட்டில் சிரிப்புக்கு அப்போது குறைவில்லை.

அவர் சேர்த்ததெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து இலங்கை முத்திரைகள். மூலையில் இங்கிலாந்து ராசாவின் தலை இருக்கும். நடுவில் சிகிரியா, பழைய குளம், கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை என்று படங்கள். சும்மா பார்த்தால் அழகான படங்கள்தான். மயூரதன் வாயைத் திறந்தால் அந்த அழகு போய்விடும். சிகிரியாவை எடுத்தால், பெற்ற தகப்பனை உயிரோடு சுவரில் வைத்துப் பூசிவிட்டு மலையுச்சியில் ஒளிந்திருந்த காசியப்பன் வருவான். குளத்தை எடுத்தால், ‘என்னுடைய சொத்தெல்லாம் இதுதான்’ என்று தண்ணீரை அள்ளிக் காட்டிய அந்தத் தகப்பன் தாதுசேனன் வருவான். முத்திரைச் சங்கத்துக் கூட்டங்களில் அவர் பேச எழுந்தால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்காருவார்கள்.

ஆனால் சபையை அழவைப்பது தலதா மாளிகை முத்திரை. அதை எடுத்ததும் அவருடைய குரல் தணிந்துவிடும். இடுக்கி நுனி படத்துக்குள் நிற்காது. முத்திரையின் பல்வரிசையைத் தாண்டி அல்பத்தின் வெறுந்தாளில் போய் நிற்கும்.

“படத்தில இது இல்லை. ஆனா இந்தப் பக்கத்திலதான் நடந்தது,” என்பார்.

கண்டியின் கடைசி ராசாவைப் பகைத்துக்கொண்ட எஹலப்பொல என்ற பிரதானி வெள்ளைக்காரனிடம் ஓடித் தப்பிவிட்டான். அகப்பட்டது அவனுடைய பெண்சாதியும் பிள்ளைகளும். தலையை வெட்டச் சொல்லி ராசா கட்டளையிட்டபோது மூத்த பிள்ளை பயந்துபோய்த் தாயின் சேலைக்குள் ஒளிந்தான். இளையவன் மத்தும பண்டார முன்னால் வந்து, ‘அண்ணா பயப்படாதே, எப்படிச் சாகிறது என்று நான் காட்டுகிறேன்’ என்று கழுத்தை நீட்டினானாம். வெட்டிய தலைகளை உரலில் போட்டு இடிக்கச் சொன்னார்களாம் பெற்றவளை. பிறகு அவளையும் குளத்தில் அமிழ்த்தினார்களாம். இந்த இடத்தில் மயூரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நடிப்பல்ல, உண்மையாகவே அழுவார்.

“அந்த நேரம் தகப்பன்காரன் எங்க நிண்டவராம்?” என்று றஞ்சனா அடுப்படியிலிருந்து கேட்பாள்.

“அது வேற கதையப்பா.”

“வேற கதையோ? எனக்கெண்டா இதுதான் கதை.”

அவளுக்கு அந்தக் கதையைக் கண்ணில் காட்டக் கூடாது. மகன் தனேஸ் ஐந்து வயதிலிருந்து தகப்பனின் முழங்காலில் சாய்ந்தபடி அதைக் கேட்டு வளர்ந்தவன். இளையவன் முன்னால் வரும் இடம் வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். தகப்பன் அவனுடைய முதுகில் தட்டி, “அவன் கெட்டிக்காரன்!” என்பார். கெட்டிக்காரன் என்றது மத்தும பண்டாரவை. பிள்ளை அதைத் தனக்கு எடுத்துக்கொண்டான். குழந்தைக்குச் சொல்கிற கதையா இது என்று றஞ்சனா எத்தனையோ தரம் வாய்விட்டுக் கத்தியிருக்கிறாள். சரித்திரம் தெரிந்து வளரட்டும் என்பார் அவர். அவளும் விட்டுவிட்டாள். வேலைக்குப் போய்வந்து சமைத்துப் போடுகிறவளுக்கு ஒவ்வொன்றுக்கும் சண்டைபிடிக்க ஏது நேரம்?

தனேசுக்கு இப்போது பதினேழு வயது. குருநாகலில் நடந்த முத்திரைக் கண்காட்சிக்குத் தகப்பனோடு போனான். முடிந்த பிறகு சங்கத்துக்காரர்கள் போத்தல் உடைத்திருக்கிறார்கள். மயூரதனும் குடித்துவிட்டுத்தான் காரை எடுத்தார். கலகெதர தாண்டி மழை பிடித்துக்கொண்டது. பின்னேர வெளிச்சத்தில், கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன ஒரு மனிதர் மீது கார் மோதியது.

மயூரதன் நிறுத்தாமல் போகத்தான் பார்த்தார். தனேஸ் அவருடைய கையைப் பிடித்துக் கத்தி நிறுத்தச் செய்தான். மழையில் இறங்கி ஓடினான். விழுந்து கிடந்தவரின் தலையை மடியில் தூக்கி வைத்தான், த்ரீவீலர் ஒன்றை மறித்தான், ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போனான். சனம் கூடியபோது அவர்கள் கண்டது, காரிலிருந்து ஓடிவந்த பையனையும் இடப்பக்க இருக்கையில் பேசாமல் உட்கார்ந்திருந்த பெரியவரையும்தான். அந்தச் சில நிமிஷத்துக்குள் மயூரதன் இருக்கை மாறியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் தனேஸ் எல்லாவற்றையும் தாயிடம் சொல்லிவிட்டான்.

காரை ஓட்டியவர் விடிந்ததும் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று பொலிஸ் சொல்லியிருந்தது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மயூரதன் பேச்சைத் தொடங்கினார்.

“இஞ்ச பாரும் றஞ்சி. நான் எண்டு சொன்னா வேலை போகும், பென்சன் போகும். குடிச்சிட்டுக் கார் ஓடினதெண்டா மறியலுக்குள்ள போடுவினம். இவனுக்கு வயசு குறைவு. லைசென்ஸ் இல்லாமல் ஓடினதெண்டு எச்சரிச்சு விட்டிடுவினம். அந்த ஆளுக்கும் காயம் மட்டும்தானே.”

றஞ்சனா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

“உங்களுக்கு வெக்கமா இல்லையா?”

“குடும்பத்துக்காகத்தானே சொல்லுறன்.”

“குடும்பம் எண்டா அவன் இல்லையா? பெத்த பிள்ளையைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு நீங்கள் இஞ்ச இருந்து முத்திரை ஒட்டப் போறீங்களோ?”

மயூரதன் மகனைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “அந்தப் பிள்ளைக்கு எட்டோ ஒன்பதோ வயசுதானே,” என்று மட்டும் சொன்னார்.

எந்தப் பிள்ளை என்று மேசையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். தனேஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த நிமிர்வைக் கண்டு றஞ்சனா தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழும்பினாள். ஏசினாள், அழுதாள், கையெடுத்துக் கும்பிட்டாள். கடைசியில் மயூரதன் தலையில் கைவைத்து, “சரி, விடும். நாளைக்கு நானே போய்ச் சொல்லுறன்,” என்றார்.

அவள் நம்பினாள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

விடிந்ததும் ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கலாம் என்று கண்டி டவுனுக்கு இறங்கினாள். அவளோடு மாநகர சபையில் வேலைசெய்யும் சதீஸ்குமாரின் மச்சான் நீதிமன்றத்தில் நல்ல பெயர் எடுத்தவர். புருஷனுக்காகத்தான் போனாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். குற்றத்தை ஒத்துக்கொள்கிற மனிதனுக்கு எப்படியாவது கொஞ்சம் குறைத்து வாங்கலாமா என்று கேட்கத்தான் போனாள். சதீஸ்குமாரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கைபேசி அடித்தது.

“நீர் ஒருக்கா பொலிஸ் ஸ்டேஷனுக்கு வாரும். தாயும் வரவேணுமாம்,” என்றார் மயூரதன். “அந்த ஆள் விடியவே செத்துப்போச்சுது.”

“நீங்கள் சொல்லிட்டீங்களா?”

மறுபக்கத்தில் யாரோ சிங்களத்தில் பேசுவது மட்டும் கேட்டது.

“இஞ்சேருங்கோ, உங்களைத்தான் கேக்கிறன். ஆர் சொன்னது?”

“அவன்... அவன்தான் முந்திக்கொண்டான்,” என்றார்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் நிரம்பும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. த்ரீவீலரைப் பிடித்தாள். வழிநெடுக வாய்க்குள் கடவுள்களை எல்லாம் ஏசிக்கொண்டே போனாள்.

ஸ்டேஷனில் பெரிய மேசைக்கு முன்னால் தனேஸ் நின்றான். முடி சீவி, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அந்தச் சட்டையை அவள்தான் முதல்நாள் காலை ஸ்திரிக்கை போட்டு வைத்தாள். மயூரதன் சுவரோரம் வாங்குப் பலகையில் கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். பையனிடம் காரைக் கொடுத்தது தன்னுடைய பிழை என்று அதற்குள் ஒத்துக்கொண்டிருந்தார். பெரிய பிழையைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, இந்தச் சின்னப் பிழைக்குப் பெரிய மனதோடு தலைகுனிந்திருந்தார் மனுஷன்.

றஞ்சனா உட்காரவில்லை. நல்ல சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாக, காரை ஓட்டியது தன்னுடைய கணவர் என்றாள். குடித்திருந்தார் என்றாள். இருக்கை மாறினார் என்றாள்.

பொறுப்பதிகாரி வயதானவர், கோபக்காரரும் அல்ல. பேனையைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கேட்டார். “நோனா, நீங்கள் அந்தக் காரில் இருந்தீர்களா?”

“இல்லை. மகன் சொன்னான்.”

“மகனே வேறு மாதிரிச் சொல்கிறானே.”

அவள் தனேசைப் பார்த்தாள். “சொல்லடா. உண்மையைச் சொல்லு.”

“நான்தான் கார் ஓடினனான்,” என்றான் தனேஸ். குரலில் நடுக்கமே இல்லை. பிறகு அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னான். “அம்மா என்னைக் காப்பாற்றப் பார்க்கிறா, சேர்.”

றஞ்சனாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. புருஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “வாயைத் திறவுங்கோ! அங்க மேடையில அழுவீங்களே, இப்ப திறவுங்கோவன் அந்த வாயை!” மயூரதன் அழுதார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். ஒரு சொல் வெளியே வரவில்லை. பெண் பொலிஸ் ஒருத்தி வந்து றஞ்சனாவைப் பிரித்து உட்கார வைத்தாள்.

பக்கத்து வாங்கில் தலையை மூடிய ஒரு பெண் இருந்தாள். இறந்தவரின் தங்கை, ரபீகா என்று பெயர். உடலைக் கையேற்பதற்கான கடுதாசிக்காகக் காத்திருந்தாள். றஞ்சனா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களாவது கேளுங்கோ. உங்கட அண்ணனை இடிச்சது இவர்தான். என்ர பிள்ளை இல்லை. அவன்தான் இறங்கித் தூக்கினவன்.”

ரபீகா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுது அழுது கண் வீங்கிப்போயிருந்தது.

“ஒங்கட புள்ள எங்கட நானாவத் தூக்கிட்டு வந்ததாம். அதுக்கு அல்லாஹ் நல்லது செய்யட்டும். செஞ்சத அந்தப் புள்ளயே ஒத்துக்கிட்டுது. நீங்க உம்மா, ஒங்கட புள்ளக்காக எதயும் சொல்லுவீங்க. என்ட புள்ளயா இருந்தா நானும் அப்பிடித்தான் சொல்லுவன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு ஜனாஸாவ எடுத்து நேரத்தோட அடக்கணும். அவ்வளவுதான்.”

அந்த அறையில் றஞ்சனாவை யாரும் பொய்க்காரி என்று திட்டவில்லை. எல்லோரும் அவளை மதித்தார்கள், பரிதாபப்பட்டார்கள். தாய் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று அதிகாரி தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை பிடித்திருப்பாள். பரிதாபத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

வயது குறைந்தவன் என்பதால் வாக்குமூலத்துக்குக் கீழே பெற்றவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பேனையை முதலில் அவளிடம்தான் நீட்டினார்கள். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “என்னைக் கொன்றாலும் போடமாட்டன்,” என்றாள் தமிழில். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. பேனை மயூரதனிடம் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தன் பெயரைத் தெளிவாக எழுதினார்.

பின்னேரம் நீதவானிடம் கொண்டுபோவார்கள். உயிர் போயிருப்பதால் எச்சரிக்கையோடு முடிகிற விஷயமில்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். சட்டத்தரணி வந்தாலும் நீதிமன்றத்தில் பேசப்போவது தனேஸ்தான், அவன் என்ன பேசுவான் என்று றஞ்சனாவுக்குத் தெரியும். மயூரதன் வெளியே முற்றத்தில் நின்று, ஒரு கிழமை லீவு வேண்டும் என்று தன்னுடைய அலுவலகத்துக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு அறைக்குள்ளேயும் கேட்டது. குடும்பத்தில் ஒரு துக்கம் என்றார்.

பெண் பொலிஸ் இரக்கப்பட்டு, தாயையும் மகனையும் சற்று நேரம் ஒரே வாங்கில் இருக்கவிட்டாள். றஞ்சனா அவனுடைய தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். முடியில் இன்னும் மழை மணம் இருந்தது. இப்போதுதான் அவன் நடுங்கத் தொடங்கினான்.

“அம்மா, அழாதேங்கோ.”

“நான் அழேல்லையடா.”

“மாறிச் சொல்லு எண்டு கேக்காதேங்கோ, என்ன? சொன்னா அப்பா மறியலுக்குப் போயிடுவார்.”

அவன் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். தகப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போட்ட பிறகு அவர் மகனுடைய முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“அம்மா,” என்றான் மெல்ல. “அப்பா உங்களிட்ட என்ன சொன்னவர்? என்னைப் பற்றி ஏதும் சொன்னவரா?”

அவனுடைய கண்களைப் பார்த்தாள். ஐந்து வயதில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற பிள்ளையின் அதே கண்கள்.

“சொன்னவர்,” என்றாள் றஞ்சனா. “நீ கெட்டிக்காரன் எண்டு சொன்னவர்.”

காலையிலிருந்து அந்த இடத்தில் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை அவன் உடனே நம்பினான். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.