மாதிரிக்கு வைத்த முகம்

அந்த முகத்தை அவள் மாதிரிக்குத்தான் வைத்தாள். டிசைன் வேலையில் எல்லோரும் செய்வதுதான். சரியான படம் கிடைக்கும்வரை கைக்கு அகப்பட்ட எதையாவது அந்த இடத்தில் போட்டு வைப்பார்கள். நாய்க்குட்டி, பூந்தொட்டி, பக்கத்து மேஜைக்காரரின் கல்யாணப் போட்டோ. அவள் போட்டது அப்பாவின் படம். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து, நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து அவர் தூங்கியபோது செல்போனில் எடுத்தது.

படத்துக்குக் கீழே மருத்துவமனை கொடுத்த வாசகம்: ‘இவருக்காக வீட்டில் யாரோ விழித்திருக்கிறார்கள்.’ அதற்கும் கீழே, குடிநோய் சிகிச்சைப் பிரிவு.

மருத்துவமனைக்காரர்கள் பார்த்ததுமே பிடித்துக்கொண்டார்கள். “இந்த மூஞ்சிதான் வேணும். பாத்தாலே தெரியுதே!”

அலுவலகத்தில் தலைமை டிசைனரை ஸ்கேல் அக்கா என்பார்கள். ஒரு நூல் பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

“யாரு இவரு? அனுமதி வாங்கியாச்சா?” என்று கேட்டார்.

பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் போட்ட எதுவும் தேறியதில்லை. இதுதான் முதல். “வாங்கியாச்சுக்கா” என்றாள். பொய் சொல்லப்போகிறோம் என்று நினைப்பதற்குள் சொல்லி முடித்திருந்தாள். மருத்துவமனைக்குள்ளே எங்கோ ஒரு மூலையில் ஒட்டுவார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அவர்கள் பஸ் நிறுத்தங்களில் ஒட்டினார்கள். ஆளுயரத்துக்கு.

அப்பா குடித்ததே இல்லை. வீட்டில் அவர் ஒன்றும் கேட்கவும் இல்லை. பேச்சே குறைவான மனிதர். டிப்போவில் அவருக்கு சைலன்சர் என்றே பெயர். அவர் பார்த்துவிட்டாரா, இல்லையா? சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. அந்த முகத்தை அவள் ஏற்கெனவே பார்க்கவேண்டிய அளவுக்கு மேல் பார்த்திருந்தாள். நிழல்களைக் கருக்கி, கண்ணுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் சோர்வு கூட்டி.

ஒரு காலையில் நெரிசலில் அவள் பின்வாசல் வழியாக ஏறிய பஸ் அப்பாவுடையது. இறங்கிவிடலாம் என்று திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது. ஒரு நிறுத்தத்தில், போஸ்டருக்கு நேரே வண்டி நின்றதும் கண்டக்டர் முன்னாலிருந்து குரல் கொடுத்தார்.

“சைலன்சரே, உங்க அண்ணன் நிக்கிறாரு பாருங்க! ஏத்திக்கலாமா?”

பஸ்ஸே சிரித்தது.

“எம் பொண்ணு செஞ்சதுய்யா” என்றார் அப்பா. “அவ கேட்டா, நான் போஸ் குடுத்தேன். நடிப்பு.”

“நடிப்புக்குப் பரிசா ஆபீஸ்ல குழாயில ஊதச் சொன்னாங்களே, அதையும் சொல்லுங்க! குடிகாரன் வண்டி ஓட்டுறான்னு எவனோ புகார் குடுத்திருக்கான்.”

“ஊதுனா என்ன, தேஞ்சா போயிட்டேன்?” அப்பாவும் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து அவள் கேட்டதில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். உடம்பெல்லாம் கூசியது. கூட்டத்தோடு நடந்தாள். தூங்கும் மனிதன் ஒருவன், அவனுக்குக் கீழே ஒரு வரி. தனித்தனியே இரண்டும் குற்றமற்றவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தது அவள் கை. அதுதான் தன் தொழில் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்கேல் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. அப்பாதானே, மாட்டேன்னா சொல்லப்போறாரு?”

“சொல்ல மாட்டாருக்கா. அதனாலதான் கேக்க முடியல.”

அவர் பென்சிலை மேஜையில் வைத்தார். “சரி. எடுக்கச் சொல்றேன். திட்டு எனக்கு விழும். உன் விஷயத்தை அப்புறம் பேசுவோம்.”

மாலையில் அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே இருந்தாள்.

“அப்பா, அந்தப் போஸ்டரை எடுத்துடுவாங்க. உங்ககிட்ட கேக்காம வெச்சது என் தப்பு.”

அவர் ஒரு காலில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“எடுத்துடுவாங்களா?” என்றார். “அப்ப, டிப்போவுல நான் நடிச்சேன்னு சொல்லி வெச்சது பொய்யாயிடுமேம்மா. குடிகாரன், அதான் பயந்துபோய் எடுக்கச் சொல்லிட்டான்னு பேசுவாங்களே.”

இதை அவள் யோசிக்கவே இல்லை. “நாளைக்கு நானே டிப்போவுக்கு வந்து நடந்ததைச் சொல்றேன்.”

“வேணாம்.” குரல் சற்றே உயர்ந்தது. “எம் பொண்ணு என்னைக் கேக்காம செஞ்சுட்டான்னு நாலு பேருக்குத் தெரியறதுக்கு, நான் குடிச்சவனாவே இருந்துட்டுப் போறேன்.”

பிறகு, குனிந்தபடியே கேட்டார். “பாப்பா, நெஜமாவே நான் அப்படித்தான் தெரியறேனா?”

“இல்லப்பா. நான்தான் அப்படித் தெரிய வெச்சேன்.”

அவர் தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் அவர் வேண்டாம் என்று சொல்லியும் அவள் பின்னாலேயே போனாள். முதல் வண்டிகள் கிளம்பும் நேரம். டிரைவர்களும் கண்டக்டர்களும் டீ கிளாசோடு நின்றிருந்தார்கள். அப்பா தன் பஸ்ஸின் டயரைக் குனிந்து பார்ப்பதுபோல் நின்றுகொண்டார்.

“அந்தப் போட்டோவுக்கு அப்பா போஸ் குடுக்கல” என்றாள். “தூங்கிட்டிருந்தாரு. நான் கேக்காமலே எடுத்துப் போட்டேன். அவரு குடிக்கிறதே இல்ல.”

நேற்றுக் கேலி செய்த கண்டக்டர் டீயைக் கீழே வைத்தார்.

“தெரியும்மா” என்றார். “இவருக்கு நடிக்க வருமா? லீவு வேணும்னா காய்ச்சல்னுகூடச் சொல்லத் தெரியாது. உன்னை விட்டுக்குடுக்காம சொல்றாருன்னு அப்பவே தெரியும். நாங்களும் நம்புன மாதிரி சிரிச்சு வெச்சோம்.”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அத்தனை பேருக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அப்பா இன்னும் டயரிடமிருந்து நிமிரவில்லை. அவர் பின்கழுத்து சிவந்திருந்தது.