இரண்டேகால் மணிக்கு விடிந்தது

வெளிச்சம் போடுவது பெரிய வித்தை என்று எவனாவது சொன்னால், அவனுக்கு இந்தத் தொழில் தெரியாது என்று அர்த்தம். சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வந்துவிட்டுப் போகிறது. எங்கே வரக் கூடாதோ அங்கே வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இருபத்தாறு வருடமாக சினிமாவுக்கு லைட் போடுகிறேன். அதில் பாதிக் காலம் கறுப்புத் துணியும் கிளிப்புமாகவே போயிருக்கிறது. யூனிட்டில் எனக்குக் கும்மிருட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. இப்போது யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்தப் படத்தின் கதை முழுக்க ஒரே ராத்திரியில், ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. நிஜ ராத்திரியில் எடுத்தால் ஆளாளுக்குத் தூங்கி வழிவார்கள் என்பதால், பகலிலேயே ஜன்னல்களை அடைத்து இருட்டாக்கி எடுப்பதாக முடிவு. இதற்கு வீடு கிடைப்பது லேசில்லை. எட்டு நாளைக்கு ஜன்னலைத் திறக்கக் கூடாது என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? ஏழு வீட்டில் கைவிரித்துவிட்டார்கள். எட்டாவது வீட்டு அம்மா நாங்கள் சொன்னதை வாசலில் நின்றே முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நல்லா இருட்டா இருக்குமா?"

இருக்கும் என்றேன். வாடகை எவ்வளவு என்றுகூட அவர் கேட்கவில்லை. மானேஜருக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. அவர் போட்ட நிபந்தனை இரண்டுதான். கூடத்தை ஒட்டிய பின்னறையின் ஜன்னலையும் சேர்த்து அடைக்க வேண்டும். அடைத்த துணியைச் சாப்பாட்டு நேரத்திலோ, வேலை முடிந்து நாங்கள் போன பிறகோ எடுக்கவே கூடாது. அந்த அறை படத்திலேயே வராது, வெட்டி வேலை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அடைத்தேன். ஆனால் அடைக்கிறது என்று வந்துவிட்டால் நான் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. ஜன்னலுக்கு இரண்டு மடிப்புத் துணி, ஓரமெல்லாம் டேப், கதவின் அடி இடுக்குக்குச் சுருட்டிய சாக்கு. கதவுக்கு மேலே கூடத்தைப் பார்த்தபடி ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதற்கும் ஒரு துணி.

அந்த அறைக் கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். லாரி டிரைவராக இருந்தவர். பெரிய உடம்பு வற்றிப்போய், எலும்பும் தோலுமாகக் கிடந்தார். இரண்டு மாதமாகக் கையைத் தூக்கக்கூட முடியவில்லையாம். கண் மட்டும் தெளிவாக இருந்தது. நான் டேப் ஒட்டுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"விடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

அப்போது காலை பத்து மணி. அந்த அம்மா அவர் தலைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் கும்பிடுக்கு வேறு பதில் இல்லை.

"நிறைய நேரம் இருக்குண்ணே. தூங்குங்க."

இரண்டாம் நாள் டீ கொண்டுவந்து கொடுக்கும்போது அந்த அம்மா விஷயத்தைச் சொன்னார். கணவரும் அவருடைய கூட்டாளியும் முப்பது வருடம் ஒரே லாரியில் மாறி மாறி ஓட்டியவர்கள். கிளம்புகிற நாளெல்லாம் விடியற்காலையில் கூட்டாளி வண்டியை வாசலில் நிறுத்தி, ஹாரனைச் சின்னதாக இரண்டு தடவை அடிப்பாராம். இவர் அதற்குள் சட்டை போட்டுப் பட்டன் மாட்டிச் செருப்போடு தயாராக இருப்பாராம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் இவருக்கு ஜுரம். அந்த அம்மாதான் வாசலுக்குப் போய், இன்றைக்கு அனுப்ப மாட்டேன், நீங்கள் மட்டும் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். சரி, இன்னொரு நாள் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சிரித்துவிட்டுப் போன மனிதர், மதியத்துக்குள் வண்டியோடு கவிழ்ந்து இறந்துவிட்டார்.

இவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து தினமும் விடிகிற நேரத்தில் அந்த ஹாரன் கேட்கிறது என்றார். அவருக்கு மட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கும் கேக்குது தம்பி. ஒவ்வொரு தடவையும் இவரு எந்திரிக்கப் பாப்பாரு. மூச்சு அப்படியே மேல போய் நிக்கும். நான் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுவேன். நீங்க துணி போட்டீங்க பாருங்க, இன்னைக்குக் காலையில கேக்கலை."

மனுஷி தூக்கம் கெட்டுப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று நிஜம். அந்த நீண்ட இருட்டில் டிரைவர் தேறினார். மூன்றாம் நாள் பால் குடித்தார். நான்காம் நாள் ஒரு ஜோக் சொன்னார், சுமாரான ஜோக்தான். சுவரில் இருந்த கடிகாரத்தை அந்த அம்மா கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். எப்போது கேட்டாலும் விடியவில்லை, தூங்குங்கள் என்பார். நானும் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போய் அதே பொய்யைச் சொல்லிவிட்டு வருவேன். எட்டு நாள் முடிந்ததும் துணியெல்லாம் திரும்பப் போக வேண்டுமே என்று அந்த அம்மா கலங்கியபோது, என் சொந்தத் துணியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு அவர்கள் யார்? யாரும் இல்லை. ஆனாலும் அந்த ஆள் சாகக் கூடாது என்று நானே பிடிவாதமாக இருந்தேன்.

கூடத்தில் எங்கள் ராத்திரி நன்றாக நடந்துகொண்டிருந்தது. சோபா பக்கத்தில் ஒரு மேஜை விளக்கு. படத்தில் தெரிகிற விளக்கு இருக்கிறதே, அதுவும் ஒரு நடிகன்தான். அது எரிகிற மாதிரி நிற்கும், அவ்வளவுதான். பல்பை மாற்றிச் சின்னதாகப் போட்டு, கேமரா பக்கம் விளக்கின் மூடிக்குள்ளே பழுப்புத்தாள் ஒட்டி அதை அடக்கி வைத்திருப்பேன். நடிகையின் கன்னத்தில் விழுகிற வெளிச்சம் மேலே ஒளித்துவைத்த வேறொரு லைட்டிலிருந்து வரும். பார்க்கிறவர்கள் மேஜை விளக்குத்தான் என்று நம்புவார்கள். வேலை செய்வது நான், பெயர் வாங்குவது அது.

ஆறாம் நாள் கூடத்துச் சுவர்க் கண்ணாடியில் ஒரு லைட்டின் பிம்பம் பளிச்சென்று தெரிகிறது என்று கேமராமேன் கத்தினார். அவர் கத்தினால் முழுப் பெயரும் பரம்பரையும் வரும். கையெட்டுகிற தூரத்தில் பின்னறைக் கதவுக்கு மேலே தொங்கிய துணியை உருவி, கண்ணாடியின் மேல் பாதியை மறைத்தேன். அந்தக் கதவுக்கு மேலே துணி எதற்கு? அது பார்ப்பது கூடத்தை. கூடத்தில் எப்போதும் ராத்திரிதானே. அந்தக் கணக்கு அன்றைக்குச் சரி.

ஏழாம் நாள் காலையில் டைரக்டருக்கு ஒரு யோசனை வந்தது. படத்தின் கடைசிக் காட்சி விடியல். அதை வேறு இடத்தில் செட் போட்டு எடுப்பதாக இருந்தார்கள். இந்தக் கூடம் இவ்வளவு அழகாக இருக்கும்போது செட் எதற்கு, இங்கேயே மதியம் விடியலை எடுத்துவிடலாம் என்றார். நேராக அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"உள்ள தெரியுமா?"

"ஒரு பொட்டு வெளிச்சம் போகாதும்மா. நான் பொறுப்பு."

சொன்னதோடு விடவில்லை. பின்னறை ஜன்னலைத் தடவிப் பார்த்தேன். டேப்பைப் புதிதாக ஒட்டினேன். சாக்கை இன்னும் இறுக்கித் திணித்தேன். கதவுக்கு மேலே பார்த்தேனா? பார்க்கவில்லை. அங்கே துணி போட்டவன் நான்தானே. போட்டது ஞாபகம் இருந்தது, எடுத்தது ஞாபகத்தில் இல்லை.

கூடத்து ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணியாலேயே ஒரு கூடாரம் கட்டி, உள்ளே பெரிய லைட்டை ஸ்டாண்டில் ஏற்றினேன். முன்னால் ஆரஞ்சுத் தாள், ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி. விடியல் என்றதும் எல்லாரும் எடுத்த எடுப்பில் ஆரஞ்சைக் கொட்டுவார்கள், முட்டாள்கள். நிஜ விடியலில் முதலில் வருவது சாம்பல். பொருள்களின் ஓரம் மட்டும் தெரியும். அப்புறம்தான் நிறம், அதுவும் தயங்கித் தயங்கி. அந்தச் சாம்பலுக்குத் தனியாக ஒரு சின்ன லைட். எல்லாவற்றையும் வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிற டிம்மரில் கோர்த்து, கைப்பிடிகளை விரலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேஜை விளக்கு ஒரு கைப்பிடியில். வெளியே வெளிச்சம் ஏற ஏற அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும், அப்போதுதான் விளக்கு தோற்றுப்போன மாதிரி இருக்கும்.

வண்டிச் சத்தம் வரக் கூடாது என்று தெருவின் இரண்டு முனையையும் மறித்து ஆள் நிறுத்தியிருந்தார்கள். சவுண்டுக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையசைத்தார். டைரக்டர் ஆக்‌ஷன் சொன்னார்.

ஒன்றரை நிமிடம். நடிகை சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் சாம்பலைக் கொண்டுவந்தேன். நாற்காலியின் விளிம்பு தெரிந்தது, தரை தெரிந்தது. மேஜை விளக்கு சோர்ந்துபோனது. பிறகு ஜன்னலோரம் லேசாகச் சிவந்து, அந்தச் சிவப்பு சுவரில் ஏறியது. நான் போட்ட விடியல்களிலேயே அதுதான் சிறந்தது. அதைச் சொல்ல இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்போது வாசலில் ஹாரன் கேட்டது. சின்னதாக, இரண்டு தடவை.

சவுண்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். டைரக்டர் கட் சொல்லிவிட்டு, வண்டியை உள்ளே விட்ட மடையன் யார் என்று குதித்தார். தெருமுனையில் நின்றவன் ஓடிவந்தான். ஒரு சைக்கிளைக்கூட விடவில்லை, தெரு காலியாகத்தான் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று சத்தியம் செய்தான். நான் டிம்மரிலிருந்து தலையைத் தூக்கினேன். எதிரே சுவர்க் கண்ணாடி. அதன் மேல் பாதியில் என் கறுப்புத் துணி.

எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. பின்னறைக் கதவைத் தள்ளினேன். கதவுக்கு மேலிருந்த சின்ன ஜன்னல் வழியாக என் விடியல் உள்ளே விழுந்து, எதிர்ச் சுவரில் ஆரஞ்சாக ஒரு சதுரம் நின்றது. அதற்குக் கீழே டிரைவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாகக் கையைத் தூக்க முடியாத மனிதர், சட்டை போட்டுக் கழுத்துவரை பட்டன் மாட்டியிருந்தார். கால் இரண்டும் தரையில், செருப்புக்குள். முதுகைச் சுவரில் சாய்த்திருந்தார். கண் திறந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். மூச்சு இல்லை.

அந்த அம்மா சமையலறையிலிருந்து பால் டம்ளரோடு வந்தார். கணவரைப் பார்க்கவில்லை. முதலில் சுவரில் இருந்த வெளிச்சத்தைத்தான் பார்த்தார்.

"விடிஞ்சிடுச்சா?"

"இல்லம்மா. மணி ரெண்டேகால்தான் ஆகுது. அது நான் போட்ட வெளிச்சம். தப்பு பண்ணிட்டேன்."

அவர் டம்ளரை ஜாக்கிரதையாகத் தரையில் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இவரை ஏமாத்தினோம், சரி. செத்துப்போன கூட்டாளியையுமா தம்பி ஏமாத்திட்டீங்க?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து, கணவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அதை அணைங்க. மறுபடியும் ராத்திரி ஆக்குங்க. சீக்கிரம்."

நான் ஓடினேன். டைரக்டர் என்னமோ கேட்டார், நான் காதில் வாங்கவில்லை. கைப்பிடிகள் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் இறக்கினேன். கூடம் இருண்டது, சுவரில் இருந்த சதுரமும் போனது. இருட்டுக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"இன்னும் விடியலைங்க. சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க."

அவர் அதையே இன்னொரு தடவை சொன்னார். அப்போது வெளியே, ஒரு சைக்கிள்கூட இல்லாத அந்தத் தெருவில், கனமான ஒரு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கம் வந்து நின்றார். சத்தம் மெதுவாகத் தெருக்கோடி வரை போய், முனையில் திரும்பி, தேய்ந்து மறைந்தது. உள்ளே அந்த அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார்.