இரண்டாவது பிரெனன்

“தெரியாது” என்று சொல்லப் பேர்பெச்சுவாவுக்கு ஒரு விநாடி போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. கொலோனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறை. காய்ந்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவளின் கைப்பேசி அடித்தது. திரையில் எண் விழவில்லை. எடுத்தாள்.

“ஃபிரவ் யூட்சன்?” பெண் குரல். ஜெர்மன். எங்கோ ஒரு நகரசபையின் பெயரைச் சொன்னது. “ஹெர் பிரெனன் என்று யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?”

“நைன்.” இல்லை.

“செல்வரட்ணம் பிரெனன். உங்கள் உறவினரா?”

“நைன். தெரியாது.”

அந்தப் பெண் சிறிது தயங்கினாள். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

பேர்பெச்சுவா விரிப்பை மறுபடி மடிக்கத் தொடங்கினாள். மூலைகள் சேரவில்லை. எந்த நகரசபை? காதில் ஏறவேயில்லை. பிரெனன் என்ற பெயரோடு காது அடைத்துப்போயிருந்தது.

செல்வரட்ணம் அவளுடைய அப்பாவின் பெயர். பிரெனன் அவளுடைய ஒரே தம்பி.

*

1985. கிழக்கு பெர்லின் விமான நிலையம். அவளுக்கு இருபது வயது, அவனுக்குப் பதினேழு. மேற்கே போகும் ரயிலைக் காட்டிவிட்டு, அவர்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் கடைசியாகச் சொன்ன புத்திமதி இதுதான்:

“அக்கா தம்பி எண்டு வாய் திறந்தியளோ, ரெண்டு பேரையும் ஒரே பிளேனில ஏத்தித் திருப்பி அனுப்புவாங்கள். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஒரு ஆளின்ர கேஸ் விழுந்தாலும் மற்ற ஆள் தப்பும். விளங்கிச்சோ?”

விளங்கியது. அகதி விண்ணப்பப் படிவத்தில் அவள் தன் பெயரை முன்னாலும் அப்பாவின் பெயரைப் பின்னாலும் எழுதினாள். அவனோ ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயரை முதலில் எழுதித் தன் பெயரைப் பின்னால் எழுதினான். ஜெர்மன்காரனுக்குப் பின்னால் வருவதுதான் குடும்பப் பெயர். அவள் ஃபிரவ் செல்வரட்ணம் ஆனாள், பின்னாளில் கணவர் பெயரில் ஃபிரவ் யூட்சன். அவன் ஹெர் பிரெனன் ஆனான். பொய்யைக் கட்டிக் காக்க வேறெதுவும் தேவைப்படவில்லை. காகிதமே காத்தது.

பிரெனன் என்ற பெயர் இலங்கையில் அவர்களுடைய மன்னாருக்கு வந்ததே ஒரு தனிக் கதை. அவர்களுடைய கத்தோலிக்கப் பங்கில் ஐந்தாறு வருடம் அயர்லாந்துக்காரர் ஒருவர் சுவாமியாக இருந்தார். பிரெனன் சுவாமி. பஸ் ஓடாத அந்தக் கரையோரத்தில் பிரசவ வலி வந்தால் அவருடைய ஜீப்தான் ஆஸ்பத்திரி வண்டி. அதில் போய்ப் பிள்ளை பெற்ற தாய்மார் நன்றிக்கடனாக ஆண்பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். “அது என்னுடைய பெயரில்லை அம்மா, என் பாட்டன் பூட்டனின் பெயர்” என்று சுவாமி தலையில் கை வைத்துச் சிரித்தாராம். யார் கேட்டார்கள்? அடுத்த வருடம் ஊரில் நாலு பிரெனன் தவழ்ந்தார்கள்.

*

மகள் மெலனியிடம் அவள் வாய் திறந்தது வெள்ளிக்கிழமை மாலைதான். மெலனிக்கு இருபத்தேழு வயது. ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“திங்கக்கிழமை வந்த போன் கோல். இண்டைக்கு வெள்ளி. நாலு நாளா என்னம்மா செய்தனீங்கள்?”

“யோசிச்சன்.”

“என்னத்தை?”

“பழைய கேஸைக் கிளறுறாங்களோ எண்டு.”

“அம்மா! உங்களுக்கு ஜெர்மன் பாஸ்போட் கிடைச்சு இருபத்தொரு வருஷம். நீங்கள் என்ன, பெரிய உளவாளியோ?”

“சிரியாதை. உனக்கென்ன தெரியும். நீ இஞ்ச பிறந்தனி.”

மெலனி சிரிப்பதை நிறுத்தினாள். “பிரெனன் மாமா ஏன் எங்கட வீட்டை வாறதை விட்டவர்? இண்டைக்காவது சொல்லுங்கோ.”

சொன்னாள். பதினாறு வருடம் முன்பு, இதே சமையலறை. பிரெனன் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கலியாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. “அக்கா, அரசாங்க ஆம்ற்றில ஒரு டெர்மின் எடுத்து நாள் குறிச்சிருக்கிறன். வாங்கோ, ரெண்டு பேருமாப் போய் உண்மையைச் சொல்லுவம். எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டு எல்லாப் பேப்பரிலயும் கிடக்கு.”

“உனக்கு விசரோ? என்ர பிள்ளையின்ர பாஸ்போட்டையும் பறிச்சுப் போடுவாங்கள்.”

“அப்ப நான் ஆர் அக்கா?”

“மெதுவாக் கதை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

கோப்பையை வைத்துவிட்டுப் போனான். பிறகு எண்ணை மாற்றிவிட்டான். எங்கோ வடக்கே ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்தில் வேலை செய்கிறான் என்று ஒருதரம் கேள்விப்பட்டாள். அப்பாவும் அம்மாவும் ஊரில் நடந்த யுத்தத்தில் போன பிறகு பிறந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே இரத்தம் அவன்தான். தேடவில்லை. தேடப் போனால் எவனாவது “அவர் உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்பானே!

“இப்ப அவன் ஏதோ பிரச்சினையில இருக்கிறான் மெலனி. எனக்கு அவனைக் கண்டுபிடிச்சுத் தா. இந்தமுறை நான் ஓம் எண்டு சொல்லுறன். எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன்.”

*

சனிக்கிழமை காலை மெலனி கணினியைத் திறந்தாள். கூப்பிட்ட எண் தெரியாது, நகரம் தெரியாது. கையில் இருந்தது ஒரு பெயர் மட்டும்.

குடும்பப் பெயர்கள் எங்கெங்கே பரவிக் கிடக்கின்றன என்று காட்டும் வரைபடம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அயர்லாந்து முழுவதும் சிவந்து கிடந்தது. கில்கெனி என்ற பகுதியில் அம்மைபோட்ட மாதிரி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆயிரக்கணக்கில்.

“ஐரிஷ் பாஷையில ஓ பிரயோனைன் எண்டதுதான் ஆங்கிலேயரின்ர வாயில பிரெனன் ஆனதாம். துளி எண்ட சொல்லில இருந்து வந்தது எண்டு சில பேர். இல்லை, துக்கம் எண்டு சில பேர்.”

“ஜெர்மனியைப் பார்.”

ஜெர்மனி வெள்ளையாகக் கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் கொடுத்தவர்கள் மட்டும். தம்பி கொடுத்திருக்க மாட்டான் என்று பேர்பெச்சுவாவுக்குத் தெரியும். ஆனாலும் பிரெனனைத் தேடும் நகரசபை முதலில் பிரெனன்களைத்தானே கேட்டிருக்கும்? வக்கீல் அலுவலகத்து மூளை மெலனிக்கு. ஒவ்வொரு புள்ளியாகக் கூப்பிட்டாள்.

கார்ஹிங்கில் ஒரு ஆராய்ச்சியாளர். தெரியாது என்று பணிவாகச் சொன்னார். வால்டோர்ஃபில் ஒரு மென்பொருள்காரி. “தமிழ் பிரெனனா? என் பக்கத்து மேசையில் சேஷாத்ரி என்று ஒரு தமிழர் இருக்கிறார், அவரிடம் கேட்கட்டுமா?” என்றாள். பேர்பெச்சுவாவே சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்த ஒரே தடவை அது.

ஆறாவது புள்ளி, வேசர் ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரம். நெடுநேரம் அடித்த பிறகு ஒரு கிழவர் எடுத்தார். டெக்லன் பிரெனன். மெலனி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“எந்தப் பிரெனனைக் கேட்கிறீர்கள்?” என்றார் கிழவர். “இறந்துபோனவரையா?”

மொழிபெயர்க்க மெலனி திரும்பினாள். தேவைப்படவில்லை. நாற்பது வருட ஜெர்மனில் அந்தச் சொல் பேர்பெச்சுவாவுக்குத் தெரியும்.

*

திங்கட்கிழமை காலை மெலனி விடுப்பு எடுத்துக் காரை ஓட்டினாள். மூன்று மணி நேரம். பேர்பெச்சுவாவின் மடியில் செபமாலை கிடந்தது. அதை உருட்டவில்லை.

கல்லறைத் தோட்ட வாசலில் கிழவர் காத்திருந்தார். எண்பது வயது இருக்கும். உயரமான மனிதர், கறுப்புக் கோட்டு, சிவந்த காதுகள். கை கொடுத்தார்.

“நீங்கள் அவருடைய ஊர்க்காரர்களா?”

மெலனி வாய் திறப்பதற்குள் பேர்பெச்சுவா தலையை ஆட்டிவிட்டாள். ஊர்க்காரர்கள். உண்மைதான். ஆனால் அரை உண்மை. பழக்கம் விடவில்லை.

நடந்துகொண்டே கிழவர் சொன்னார். மெலனி தமிழாக்கினாள். வெதுப்பகத்துக்கு நாலு நாள் வராதவனைத் தேடிப் போனவர்கள்தான் அறையில் கண்டார்களாம். மாரடைப்பு. நகரசபை உறவினரைத் தேடியது. இந்த நகரத்தில் இன்னொரு பிரெனன் இவர் மட்டும். கடிதம் இவருக்கு வந்தது.

“ஐரிஷ்காரன் என்றுதான் நினைத்துப் போனேன். புகைப்படத்தைக் காட்டினார்கள்.” கிழவர் இலேசாகச் சிரித்தார். “கில்கெனியில் இப்படி ஒரு பிரெனனை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் ஒரு கல்லை எறிந்தால் ஒரு பிரெனன் மேல்தான் விழும். இங்கே நாங்கள் இருவர். ஒரே நகரத்தில் பல வருடம். ஒருவரை ஒருவர் தெரியாமல்.”

“அலுவலகம் அவரைப் பெயரில்லாத புல்வெளியில் வைக்கப்போவதாகச் சொன்னது. அப்படித்தான் விதி. என் மனைவியின் குழியில் இடம் இருக்கிறது, அங்கே வையுங்கள் என்றேன். நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். பெயர் உறவு என்று எழுதிக் கொடுத்தேன்.”

நின்றார். சாம்பல் நிறக் கல். மேலே பெரிய எழுத்தில் பிரெனன். அதன் கீழே ஹெல்கா. பக்கத்தில் புதிதாகக் கிளறிய மண், ஒரு சாண் அகலத்துக்கு. அதில் சின்ன மரப் பலகை நட்டு, ஜெர்மன் எழுத்தில் செல்வரட்ணம் என்று எழுதியிருந்தது. அப்பாவின் பெயர்.

பேர்பெச்சுவா அந்த ஒரு சாண் மண்ணையே பார்த்தாள். “ஏன் இவ்வளவு சின்னக் குழி? எரிச்சுப் போட்டினமோ எண்டு கேள்.”

மெலனி கேட்கத் தயங்கினாள்.

“கேள் எண்டுறன்!”

கேட்டாள். கிழவர் தலை குனிந்தார். “சொந்தக்காரர் இல்லையென்றால் எரிப்பதுதான் இங்கே வழக்கம். சொந்தத்தில் யாராவது ஒருவர் வந்து வேண்டாம் என்றிருந்தால் உடலோடு அடக்கம் செய்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை எரித்தார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இங்கே வைத்தோம். நானும் பாதிரியாரும் மட்டும். எனக்குத் தெரிந்த செபத்தை ஐரிஷில் சொன்னேன்.”

திங்கள் அவள் தெரியாது என்றாள். செவ்வாய் எரித்தார்கள். அவர்களுடைய மன்னார்க் குடும்பத்தில் அதுவரை யாரையும் எரித்ததில்லை.

கிழவர் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். “அவருடைய பணப்பையில் இருந்த சீட்டு. நான் பொறுப்பெடுத்ததால் என்னிடம் தந்தார்கள். எண்ணை அலுவலகம் கூப்பிட்டுப் பார்த்தது. மேலே ஏதோ எழுதியிருக்கிறது. அங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. உங்கள் மொழியா?”

மடிப்பில் கிழிந்து, ஒட்டுப்போட்ட காகிதம். ஜெர்மன் எழுத்தில் யூட்சன் என்ற பெயர், பேர்பெச்சுவாவின் எண். அதற்கு மேலே தம்பியின் கோணல் எழுத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்: அக்கா.

மெலனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேர்பெச்சுவா தானே ஜெர்மனில் சொன்னாள். உடைந்த ஜெர்மன்தான். ஆனால் தெளிவாக. “சகோதரி என்று எழுதியிருக்கிறது. அது நான். தொலைபேசியில் தெரியாது என்று சொன்னதும் நான்தான்.”

கிழவர் கோபப்படுவார் என்று மெலனி எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“அந்த அலுவலகப் பெண் உங்களை நம்பவில்லை,” என்றார். “திரும்பக் கூப்பிடுவீர்கள் என்றாள். செவ்வாய் மதியம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள்.”

பேர்பெச்சுவா ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள்.

*

பன்னிரண்டு மணிக்கு நகரசபை. மெலனி தடுத்துப் பார்த்தாள்.

“அம்மா, இனி ஒண்டும் செய்ய ஏலாது. வீட்டை போவம்.”

“நீ வாசல்ல நில். நான் தனியப் போறன்.”

மேசைக்குப் பின்னால் ஒரு இளம்பெண். வாயைத் திறந்ததும் பேர்பெச்சுவாவுக்குத் தெரிந்துவிட்டது. அதே குரல்.

காரில் இருந்தபடி மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னாள். நாற்பது வருடம் நெஞ்சுக்குள் கிடந்த கல். 1985இல் அதிகாரிகளிடம் பொய் சொன்னேன். செல்வரட்ணம் பிரெனன் என் கூடப்பிறந்த தம்பி. ஒரே தாய், ஒரே தகப்பன். போன திங்கட்கிழமையும் பொய் சொன்னேன். என்ன தண்டனை என்றாலும் தாருங்கள்.

சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தப் பெண் கணினியைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். குரல் மென்மையாகத்தான் இருந்தது.

“ஃபிரவ் யூட்சன், அதற்கெல்லாம் இப்போது தண்டனை எதுவும் இல்லை. இருபது வருடம் முன்பே கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவருடைய கோப்பு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது.”

“சகோதரி என்று எங்கே எழுத வேண்டும்? எங்கே கையெழுத்து?”

“எழுத ஒரு இடமும் இல்லை. முடிந்த கோப்பில் எதுவும் சேர்க்க முடியாது.”

பேர்பெச்சுவா எழுந்திருக்கவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, ஒட்டுத்தாள் கட்டிலிருந்து மஞ்சள் தாள் ஒன்றைக் கிழித்து, பேனாவோடு அவள் முன்னால் வைத்தாள்.

பேர்பெச்சுவா எழுதினாள். பெயர், பிறந்த தேதி, அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், பங்குக் கோவிலின் பெயர். முழுத் தாளும் நிறைந்துவிட்டது. உறவு என்ன என்று எழுத இடம் போதவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்து ஒட்டும் பசையின் மேலேயே அழுத்தி எழுதினாள்.

அந்தப் பெண் அதை வாங்கி ஏதோ ஒரு கோப்பின் மட்டையில் ஒட்டினாள். உறவை எழுதிய பக்கம் உள்ளே போய்விட்டது.

வெளியே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.