இறுப்பிட்டித் தண்ணீர்

கடையைத் திறந்ததும் றொஷானிக்கு முதல் வேலை தண்ணீர் ஊற்றுவதுதான். வேலணை வங்களாவடிச் சந்தியில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்தது அந்தத் தண்ணீர்ப் பில்ரர் கடை. மனேஜர் தயாபரன் ஒவ்வொரு திங்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் நான்கு பெரிய கேன்களில் தண்ணீர் கொண்டுவந்து பின்னறையில் இறக்குவார். அதிலிருந்து ஒரு வாளி எடுத்து, வாடிக்கையாளருக்கு இயக்கிக் காட்டும், உப்பை வடிக்கிற ஆர்.ஓ. மெசினுக்குக் கீழே, மேசைத் துணிக்குப் பின்னால் மறைத்து வைக்க வேண்டும். மெசினின் குழாய் அந்த வாளிக்குள் இறங்கும். மேலே நீல விளக்கு எரியும். கண்ணாடிக் குவளையில் பளிங்குத் தண்ணீர் விழும். பார்க்கிறவர்களுக்கு வாங்காமல் போக மனம் வராது.

றொஷானிக்கு இருபத்துநான்கு வயது. ஊர்காவற்றுறையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். ஆறு மாதம் தற்காலிகம், அதற்குள் பெரிய மெசின் பன்னிரண்டு விற்றால் நிரந்தரம் என்று வேலைக்குச் சேரும்போது கொடுத்த கடிதத்தில் இருந்தது. பதினொன்று விற்றுவிட்டாள். ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று நாள். நிரந்தரமானால் சேமலாப நிதி உண்டு, சம்பளத்தோடு லீவு உண்டு. காய்ச்சல் வந்தால் வீட்டில் படுத்துக் கிடக்கலாம். அந்த ஒரு மெசினை நினைத்துக்கொண்டே அவள் இரண்டு கிழமையாகச் சரியாகத் தூங்கவில்லை.

புங்குடுதீவு பஸ் வந்து நின்றபோது மணி ஒன்பதரை. ஒரு மனுசனும் மனுசியும் இறங்கிக் கடையைப் பார்த்து வந்தார்கள். மனுசன் கையில் ஒரு கேன். அதைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ரைல்ஸ் போட்ட தரை என்றால் அவருக்கு ஒரு மரியாதை. நாற்பது வருடம் மேசன் வேலை செய்தவர் அல்லவா.

"வாங்கோ ஐயா, வாங்கோ அம்மா. இருங்கோ" என்று றொஷானி இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டாள்.

மனுசியின் பெயர் இலட்சுமிப்பிள்ளை. மனுசன் முருகேசு. ஊர் புங்குடுதீவில் இறுப்பிட்டி. பிரான்சிலிருக்கும் மகன் சதீசன் ஒரு மெசினின் படத்தை அனுப்பி, அதற்குக் காசும் அனுப்பியிருந்தான். முருகேசு போனைத் தூரப் பிடித்து அந்தப் படத்தைக் காட்டினார். நீல விளக்கு மெசின்தான். றொஷானிக்கு அது பன்னிரண்டாவது.

"இதேதான் ஐயா. இப்பவே போட்டுக் காட்டுறன்."

"காட்டத் தேவையில்லைப் பிள்ளை. பெடியன் பார்த்துத்தானே அனுப்பினவன். கட்டித் தாரும்" என்றார் முருகேசு.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "போடும் பிள்ளை, பாப்பம்."

மெசின் உறுமியது. றொஷானி பேனா அளவான மீற்றரை முதலில் வாளித் தண்ணீரில் வைத்தாள். உப்பின் அளவு நூற்றெண்பது என்று காட்டியது. பிறகு மெசினிலிருந்து வந்த தண்ணீரில் வைத்தாள். பன்னிரண்டு. முருகேசு தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். இலட்சுமிப்பிள்ளை மெசின் தண்ணீரைத் தொடவில்லை. குனிந்து, மேசைத் துணியை விலக்கி, வாளியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டாள்.

"இது எந்தக் கிணத்துத் தண்ணி?"

"அது... யாழ்ப்பாணத்திலயிருந்து வாறது அம்மா."

"இதைக் குடிக்க மெசின் எதுக்குப் பிள்ளை? இது எங்கட வீட்டில கிடைச்சால் நான் ஏன் இஞ்ச வாறன்? இஞ்சாருங்கோ, அந்தக் கேனை எடுத்தாங்கோ."

கேனில் இருந்தது அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். விடிய அள்ளி, மூடியை இறுக்கி, பஸ்ஸில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்திருந்தாள். கேனுக்கும் ரிக்கற் எடுக்கவேண்டும் என்று கொண்டக்டர் பிடிவாதமாய் நின்றாராம். எண்ணெயோ என்று வேறு கேட்டாராம். தண்ணீர் என்றதும் பஸ் முழுக்கச் சிரித்ததாம். முருகேசு அதைச் சொல்லும்போது இன்னும் வெட்கப்பட்டார்.

"சிரிக்கட்டும்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "சீலை வாங்கப் போனால் உடம்பில வச்சுப் பாக்கிறம். இதுக்கு எங்கட தண்ணியை வச்சுப் பாக்கக் கூடாதோ?"

பதினொரு மெசின் விற்றும் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. றொஷானியும் ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் குழாயை வாளியிலிருந்து எடுத்து இறுப்பிட்டித் தண்ணீருக்குள் விட்டாள்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து தயாபரன் எழுந்து வந்தார். மெசினின் சத்தம் மாறியதை அவர் காது பிடித்துவிட்டது.

கேன் தண்ணீரில் மீற்றர் நாலாயிரத்து நூற்றிருபது என்றது. குவளைக்குள் விழுந்த தண்ணீர் மெலிந்து மெலிந்து நூலாகியது. பிரித்த உப்பை வெளியேற்றும் கழிவுக் குழாயால் மட்டும் தண்ணீர் கொட்டியது. இலட்சுமிப்பிள்ளை கையோடு கொண்டுவந்த வெறும் போத்தல்களில் ஒன்றைக் கழிவுக் குழாயின் கீழ் வைத்தாள். அது நிரம்பியது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் நிரம்பியது. குவளையில் அரைவாசியும் வரவில்லை. அதை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"உப்பு நிக்குது."

றொஷானி மீற்றரை வைத்தாள். ஐந்நூற்று நாற்பது. அந்த நாக்கைப் பார்த்து அவளுக்கு உண்மையிலேயே மலைப்பாக இருந்தது.

"புதுத் தண்ணிதானே அம்மா, ஓட ஓடச் சரிவரும்" என்றார் தயாபரன். "மூண்டு வருச உத்தரவாதம் இருக்கு. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்."

"அது சரி தம்பி. இந்தக் கழிவு எங்க போறது?"

"குசினிக்குப் பின்னால விடலாம்."

"பின்னால வாழை நிக்குது. உந்த உப்புக்கு வாழை செத்துப் போகும். வாழைக்கு அங்கால கிணறு. இது ஊறித் திரும்பவும் கிணத்துக்குள்ளதானே போகும்? எடுத்த உப்பைப் பிறகும் அதுக்குள்ளேயே போட்டால், கிணறு என்ன ஆகும்?"

தயாபரன் சிரித்துக்கொண்டு றொஷானியைப் பார்த்தார். நீ பேசு என்கிற பார்வை. பேசச் சொல்லித்தான் அவளை வைத்திருக்கிறார்கள்.

இலட்சுமிப்பிள்ளை கதிரையில் மெதுவாக, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். "எனக்கு மூண்டு மாசத்துக்கு முன்னம் கர்ப்பப்பை எடுத்தது பிள்ளை. பாரம் தூக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். இவர் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். குடிதண்ணிக்குக் கோயிலடிக் கிணத்துக்குப் போக வேணும், அரைக்கட்டை தூரம், போகவர ஒரு மைல். டொக்டர் சொன்னதை நான் கேக்கிறன், குடம் கேக்குதில்லையே. அதுக்குத்தான் மகன் இதை அனுப்பினவன். இது சரிவருமெண்டால் சொல்லும், வாங்கிக்கொண்டு போறன். உப்புத்தண்ணிக்கு எத்தினை மாசம் நிக்கும்?"

றொஷானிக்குச் சரவணைக் கிராமத்து வீடு ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் விற்ற நான்காவது மெசின். எழுபது நாளில் நின்றுபோனது. திருத்தும் ஆளோடு அவளும் போயிருந்தாள். உள்ளே தண்ணீரை வடிக்கும் மெம்பிறேன் சவ்வு உப்பில் இறுகிப் போயிருந்தது. உத்தரவாதத்தில் மெம்பிறேன் சேராது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அந்த வீட்டு அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அடுத்த முறை போனபோது மெசினின் மேல் சாமிப்படம் வைத்துப் பூ வைத்திருந்தார்கள். அன்று வீடு போய் றொஷானி அழுதாள்.

"மூண்டு மாசமும் நிக்காது அம்மா" என்றாள். "இது ரெண்டாயிரத்துக்குக் கீழ உப்பு இருக்கிற தண்ணிக்குச் செய்த மெசின். உங்கட தண்ணிக்கு ஏலாது."

சொன்ன பிறகுதான் தன் வாயால் என்ன வந்தது என்று அவளுக்கு விளங்கியது. தயாபரன் கண்ணாடி அறைக்குள் திரும்பிப் போனார். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

முருகேசுவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப என்னதான் செய்யிறது பிள்ளை?"

"உங்கட வீட்டில மழைத்தண்ணித் தொட்டி இருக்கோ ஐயா? முந்தி ஒரு திட்டத்தில எல்லாருக்கும் கட்டிக் குடுத்தவையெல்லோ?"

புருசனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முருகேசு தரையைப் பார்த்தார்.

"இருக்கு" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "சொல்லுங்கோவன், என்ன இருக்கெண்டு."

"கோழி" என்றார் முருகேசு.

மழைத்தண்ணீர் குடித்தால் தடிமனும் இருமலும் வரும் என்று ஊரில் ஒருவரும் அதைக் குடிக்கவில்லை. சும்மா நின்ற தொட்டியில் முருகேசு அடியில் ஒரு வாசல் உடைத்து, நிலை வைத்து, கதவும் போட்டுக் கோழிக்கூடு ஆக்கிவிட்டார். வேலை திறமான வேலை. ஊரில் நாலு பேர் பார்த்துத் தங்கள் தொட்டியையும் அப்படிச் செய்து தரச் சொல்லிக் கேட்டார்கள், அவரும் செய்து கொடுத்தார்.

றொஷானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலட்சுமிப்பிள்ளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கவும் நோகிறதாம்.

"உடைச்சவருக்கு அடைக்கத் தெரியாதோ?" என்றாள் றொஷானி. "மாரி மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. அடைச்சு, உள்ளுக்குப் புதுசாய்ப் பூசி, நல்லாய்க் கழுவிக் காய விடுங்கோ. முதல் ரெண்டு மழையை உள்ளுக்கு விடாதேங்கோ, கூரை கழுவுப்படட்டும். சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் குளோரின் தருவார். மழைத்தண்ணியில உப்பே இல்லை, அதுக்கு ஆர்.ஓ. தேவையில்லை. குடிக்கவும் சமைக்கவும் மட்டுமெண்டால் உங்கள் ரெண்டு பேருக்கும் அடுத்த மாரி வரைக்கும் தண்ணி காணும்."

"அந்தத் தண்ணியை எதில வடிக்கிறது?" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

றொஷானி குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்னப் பில்ரரை எடுத்தாள். இரண்டு அடுக்கு, நடுவில் தண்ணீரை வடிக்கும் களிமண் திரி. மின்சாரமும் வேண்டாம், கழிவும் இல்லை. ஆறு மாதத்தில் அதை அவள் ஒருவருக்கும் காட்டியதில்லை. அதன் மேல் தூசி இருந்தது. துடைத்து மேசையில் வைத்தாள்.

இலட்சுமிப்பிள்ளை திரியை வெளியே எடுத்து, தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேனில் மிச்சமிருந்த தண்ணீரை அதில் ஊற்றச் சொல்லி, வெடிப்பு இருக்கிறதா, குழாய் ஒழுகுகிறதா என்று கால் மணித்தியாலம் பார்த்தாள். ஒழுகவில்லை. அதற்குக் காசைக் கொடுத்துவிட்டு மகனுக்குப் போன் போட்டாள்.

"சதீசன், நீ அனுப்பின மெசின் எங்கட தண்ணிக்குச் சரிவராதாம். ஓம், வச்சுப் பாத்தனான். என்ர கண்ணால பாத்தனான். மிச்சக் காசில அப்பா தொட்டியைக் கட்டட்டும். கோழியை என்ன செய்யிறதெண்டு அவரைக் கேள்."

புறப்படும்போது றொஷானியின் கையைப் பிடித்தாள். "பிள்ளை, உமக்கு இதால ஒரு கரைச்சலும் வராதே?"

"இல்லை அம்மா" என்றாள் றொஷானி.

பஸ் போனதும் தயாபரன் கூப்பிட்டார். அவர் கோபக்காரர் இல்லை. யாழ்ப்பாணத்துத் தலைமைக் கந்தோர் அவரிடமும் மாதாமாதம் கணக்குக் கேட்கும். அவளுடைய வேலைக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"தங்கச்சி, நீர் பொய் சொன்னீர் எண்டு நான் சொல்லேல்ல. ஆனால் பெரிய மெசினுக்குக் காசோட வந்த சனத்தைச் சின்னதோட அனுப்பினதுக்கு நான் மேல என்ன எழுதுறது? இன்னும் ஆறு மாசம் தற்காலிகமாய் வச்சுப் பாப்பம்."

"சேர், இன்னும் மூண்டு நாள் இருக்குத்தானே."

"மேல எழுதியாச்சு" என்றார் தயாபரன்.

அந்த மூன்று நாளில் யாரும் பெரிய மெசின் கேட்டு வரவில்லை. திங்கட்கிழமை வானிலிருந்து கேன்களை இறக்கியதும் தயாபரன் ஒரு வெள்ளை மட்டையையும் கறுப்புப் பேனாவையும் அவளிடம் கொடுத்தார். என்ன எழுதவேண்டும் என்று சொன்னார். தூரத்திலிருந்தும் தெரிகிற மாதிரி எழுதச் சொன்னார். றொஷானி பென்சிலால் கோடு போட்டு, எழுத்தை அளவெடுத்து, இரண்டு முறை பேனாவால் தடிப்பாக்கி எழுதினாள். கண்ணாடிக் கதவில் அவளே ஒட்டினாள்.

*வெளித் தண்ணீர் கொண்டு வந்து மெசினில் ஊற்ற வேண்டாம்.*

ஒன்பதரைக்குப் புங்குடுதீவு பஸ் வந்தது. ஆறு பெண்கள் இறங்கினார்கள். ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு போத்தல். சோடாப் போத்தல், எண்ணெய்ப் போத்தல், ஒருத்தியிடம் பால்மாப் போத்தல். இறுப்பிட்டி அக்கா சொல்லித்தான் வந்தோம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டே வந்தவர்கள் கதவடியில் நின்றார்கள். மட்டையை ஒருத்தி உரக்க வாசித்தாள். மற்றவர்கள் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் குனிந்து, போத்தல்களைச் சுவரோரம் வெயிலில் வரிசையாக வைத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே வந்தார்கள். உள்ளே நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நல்ல எழுத்து" என்றாள் வாசித்தவள். "ஆர் பிள்ளை எழுதினது?"

"நான்தான் அக்கா" என்றாள் றொஷானி.