தேனீயே இல்லாத குழாய்

...அப்படியானால் ராத்திரி முழுக்க மேஜைமேல் வெந்துகொண்டிருந்தது சோறு இல்லை, அக்காவின் தேனீக்கள், டீப் ஃப்ரீசரில் பத்திரமாகக் கல்லாகிக் கிடந்ததுதான் சோறு, இரண்டு டப்பாவுக்கும் ஒரே நீல மூடி என்பதெல்லாம் ஒரு சாக்கா, ஆய்வகத்தில் தேனீக்கு வைரஸ் பார்த்தே தலை நரைத்தவன் தன் மதியச் சாப்பாட்டை அல்லவா அடுத்த தலைமுறைக்காகப் பாதுகாத்திருக்கிறான், நல்லவேளை, மூடியைத் திறந்த கையோடு கரண்டியை விடவில்லை. ஒருவேளை தப்பித்திருக்கும் என்று அவற்றையே அரைத்துச் சோதனைக் குழாயில் ஊற்றி மெஷினில் ஏற்றியதும் அவன்தான், ஆசை யாரை விட்டது, இதோ திரையில் வைரஸ் உள்ள மற்ற தேனீப் பெட்டிகளின் கோடுகள் எல்லாம் எழுந்து நிற்க அக்காவின் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. வைரஸ் இல்லை. சந்தோஷப்படலாம்தான், ஆனால் அதற்குக் கீழே இன்னொரு கோடும் படுத்திருக்கிறதே, தேனீயின் சொந்த மரபணுவைக் காட்டவேண்டிய கோடு, அதுவே எழவில்லை என்றால் வைரஸ் இல்லை என்று சொல்ல எவனுக்கும் வாய் கிடையாது, எல்லாம் ராத்திரிப் புழுக்கத்தில் சிதைந்துவிட்டது. பக்கத்து மேஜை அம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன சார், இதுல தேனீயே இல்லைங்குதே, உங்க அக்கா வெறும் தண்ணிய குடுத்துட்டுப் போனாங்களா?" என்றாள். தண்ணீர் இல்லை, அம்மா, பெட்டி வாசலில் சிறகு சுருங்கித் தவழ்ந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஐஸ் வைத்துக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அக்கா காத்திருக்கிறாள். ஒன்றுமில்லை என்றால் அந்த நலிந்த பெட்டியைப் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துவிடுவாள், இருந்தால் தனியே ஒதுக்கவேண்டும், தெரியாமல் சேர்த்தால் நல்ல பெட்டியும் போச்சு, அத்தான் விட்டுப்போனது அந்தப் பெட்டிகள்தானே. "ஒண்ணுமில்லக்கா" என்று ஒரு வார்த்தை, மெஷினே சொல்கிறது, பொய்கூட இல்லை... எவ்வளவு சுலபமான வார்த்தை, இந்த வீட்டில் அது அவளுடைய வார்த்தை அல்லவா. அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வரட்டுமாக்கா என்று போனில் கேட்டான், "ஒண்ணுமில்லடா, நீ வேலையப் பாரு" என்றாள், அவனும் பார்த்தான், பேச்சைத் தட்டாத தம்பி, அத்தான் போன பிறகு பெட்டிகளைப் பார்க்கப் போன அன்றும் அவள் தேன் சட்டங்களைத் தூக்கிப் பார்த்தபடியே ஒண்ணுமில்லடா, சாப்பிட்டியா என்றாள், சாப்பிட்டான். ஊரார் பெட்டிக்கெல்லாம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதித்துப் பார்க்கிறவன், அந்த ஒண்ணுமில்லைக்குள் ஆள் இருக்கிறாளா என்று ஒருநாளாவது பார்த்தானா? இல்லை என்று வந்தது, இல்லை என்று எழுதிக்கொண்டான், அவ்வளவுதான்.

போன் ஒரே மணியில் எடுக்கப்பட்டது. பெட்டியருகில்தான் நிற்கிறாள், பின்னால் தேனீக்களின் இரைச்சல் கேட்கிறது.

"என்னடா, சேத்துடலாமா?"

"சேக்காதக்கா. எதுவும் தெரியல. டப்பா மாறிப்போச்சு, பூச்சிய வெளிய வச்சிட்டேன், எல்லாம் கெட்டுப்போச்சு. மறுபடி பொறுக்கணும்."

"சோறு?"

"ஃப்ரீசர்ல."

சிரிப்பாள் என்று நினைத்தான், இரைச்சல் மட்டும் வந்தது, ஒரு பெட்டியுடையதா இரண்டுடையதா என்று போனில் எப்படித் தெரியும், இப்போது சொல்லிவிடுவாள் ஒண்ணுமில்லடா என்று, சொன்னால் போனை வைத்துவிடலாம், எவ்வளவு வசதி... கேட்காமலே இருந்திருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே.

"கோவமாக்கா?"

"ஆமா," என்றாள் அக்கா. "அன்னிக்கு வரட்டுமான்னு கேட்டியே, அப்பவும்தான்."