தட்டில் கொட்டிய லாந்தனம் குளோரைடு

லாந்தனம் குளோரைடு என்ற உப்பின் ஈரத்தை முழுக்கப் போக்க பூர்ணிமாவுக்கு மூன்று நாள் ஆயிற்று. கிடைத்தது இரண்டு குப்பி. அவை சென்னைப் பரிசோதனையில் தேறினால்தான் விருத்தாசலம் பீங்கான் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை நிலைக்கும்.

அங்கே நடந்த கருத்தரங்கில் சிறப்பு விருந்தினர் முனைவர் கொளஞ்சிநாதன் ஒரு குப்பியைத் தட்டில் கொட்டிவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார். "இது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். திறந்து வைக்கவே கூடாது!"

வெளியே ஐப்பசி மழை. பூர்ணிமா ஏழு முறை எழுந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, மூடிடலாங்களா?"

"கேள்வியெல்லாம் கடைசியிலம்மா."

கடைசியில் வெண்பொடி கூழாகியிருந்தது.

"பாத்தீங்களா, நான் சொன்னது நிரூபணமாயிடுச்சு!" கைதட்டல். "அடுப்புல வச்சா காஞ்சிடும்மா."

"சும்மா சூடு பண்ணா குளோரின் போயி வேற பொருளாயிடுங்க."

"அப்படியா? அதையும் பாத்துடுவோம்" என்று இரண்டாவது குப்பிக்குக் கை நீட்டினார்.

குப்பி பூர்ணிமாவின் கைப்பையில் இருந்தது. பூர்ணிமா வாசலில் இருந்தாள்.