வாங்க என்றால் வாத்து வரும்

அக்பர் அலி கறிக்கென்று வாங்கி வந்த ஆறு வாத்துகளை அறுக்க விடாமல், துடியலூர்க் குடியிருப்பின் ஏரியில் கொண்டுபோய் விட்டாள் அவர் மனைவி மெஹராஜ். வாத்துக்குத் தண்ணீர் போதும் என்று நினைத்தாள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டாள். வீட்டு வாத்துக்குத் தானாக இரை தேடத் தெரியாது. அவள் சோறு வைக்க, பார்த்தவர்களெல்லாம் ரொட்டி வீச, தண்ணீர் பாசி பிடித்து நாறியது. நடைபாதை முழுக்க எச்சம்.

இதெல்லாம் போகட்டும். பெரிய வினை அவள் வாயில் இருந்தது. நாய்க்குட்டியைக்கூட மரியாதை இல்லாமல் கூப்பிடாத வாய் அது. வாத்துகளையும் ‘வாங்க, வாங்க’ என்றே சோற்றுக்கு அழைத்துப் பழக்கினாள். கோயமுத்தூரில் இதைவிட மடத்தனம் உண்டா? வாசலுக்கு வாசல் கேட்கிற சொல்லாயிற்றே! யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் வாத்துகள் முதல் ஆளாய்ப் போய் நின்றன.

எதிர்வீட்டு மெர்சி அவளுக்குக் கூடப்பிறக்காத தங்கை. மெர்சியின் மகள் வருகிற வரனையெல்லாம் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். வால்பாறையிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தபோது, மெர்சி வாய் நிறைய ‘வாங்க வாங்க’ என்றாள். அவ்வளவுதான். ஆறும் கூடத்துக்குள் புகுந்தன. ஒன்று மிக்சர் தட்டில் ஏறியது. இன்னொன்று மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையில் கழிந்து வைத்தது. மெஹராஜ் ஓடிவந்து, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டியபடி வெளியேறினாள். மெர்சி அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகு எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று மெஹராஜுக்குச் சோறு இறங்கவில்லை. பால்காரர் வேலனின் தோட்டத்துக் குட்டைக்கு வாத்துகளை அனுப்பிவிட்டாள். மெர்சியின் பேச்சே நின்றுபோன பிறகு வாத்து எதற்கு என்றிருந்தது.

ஞாயிறு காலை மெர்சியே வந்தாள். மெஹராஜ் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளை ஊட்டுப் பதில் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் பேச முடியலீங்க்கா. இப்பத்தான் சரின்னு சொல்லிப்போட்டாங்க.”

“உங்க பொண்ணு?”

“அவதானுங்க்கா மொதல்ல சரின்னா. நீங்க வாத்தை முடுக்கிட்டுப் போனீங்கள்ல, அப்ப அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசாம, பேப்பரை எடுத்து எங்க ஊட்டுத் தரையத் தொடச்சாரு. அதைப் பார்த்துட்டுத்தான் சொன்னா.”

மெஹராஜ் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

“சம்பந்தியம்மாவுக்குப் பட்டு நாந்தான் எடுப்பேன். கெளம்புங்க கண்ணு, ஒப்பணக்கார வீதிக்குப் போலாம்” என்றாள்.